பென்டேனுக்கு ஐந்து படம்

குரு என்றால் தாடி இருக்க வேண்டும் என்பவர்கள் எங்கள் டியூஷன் சென்டர் பக்கம் வர வேண்டாம். எங்கள் குரு பர்வீன் டீச்சருக்கு முப்பது வயது, கையில் எப்போதும் டஸ்டர். சீடர் லூர்துசாமிக்கு நாற்பது தாண்டிவிட்டது. கேஸ் ஏஜென்சியில் வேலை. பிளஸ் டூவில் வேதியியல் மட்டும் இன்னும் அவரை விட்டபாடில்லை.

அன்று அவர் நோட்டைத் திறக்கவே இல்லை. மனைவி பேச்சுதான்.

“டீச்சர், ரெஜினா இன்னும் அவ அம்மா வீட்லதான் இருக்கா. நான் மாறவே இல்லையாம், இனிமே வரமாட்டாளாம். மீசையை எடுத்தேன். வீட்டை மாத்தினேன். பைக்கை வித்துட்டு ஸ்கூட்டி வாங்கினேன். இன்னும் என்னத்த மாறணும்?”

“பென்டேனுக்கு எத்தனை ஐசோமர்?”

“நான் என்ன கேக்குறேன், நீங்க என்ன கேக்குறீங்க!”

“எத்தனைண்ணே?”

அதே ஐந்து கார்பனை எத்தனை வேறு விதமாகக் கோக்கலாம் என்பதுதான் கேள்வி. வேண்டாவெறுப்பாகப் போர்டில் வரைந்தார். ஐந்து கார்பன் வரிசையாக ஒரு படம். கடைசிக் கார்பன் மேலே மடங்கி ஒன்று, கீழே மடங்கி ஒன்று. பாம்பு மாதிரி ஒன்று. ‘ப’ மாதிரி ஒன்று.

“அஞ்சு.”

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். போன வாரமும் இதே கூத்துதான். ஒரே பாடத்தைச் சொல்லிச் சொல்லித் தொண்டைத் தண்ணீர் வற்றியவர்களுக்குத்தான் அந்த எரிச்சல் புரியும்.

“அஞ்சும் ஒண்ணுதான்ணே!”

“அதெப்படி? இது நேரா இருக்கு, இது மடங்கியிருக்கு. கண்ணு தெரியலையா?”

டீச்சர் டிராயரைத் திறந்து, கார்பனுக்கு ஒன்றாக ஐந்து கறுப்பு உருண்டைகளைக் குச்சிகளால் கோத்த ஒரு சரத்தை எடுத்து அவர் கையில் திணித்தார்.

“மடக்குங்க.”

மடக்கினார். டீச்சர் முனையைப் பிடித்துத் திருகினார். பழையபடி ஆகிவிட்டது.

“நெளிங்க.”

நெளித்தார். ஒரு திருகு. மறுபடியும் பழையபடி.

லூர்துசாமிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கடைசி உருண்டையைப் பிடித்து இழுத்தார். அது லேசில் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பிடுங்கி, நடுவில் இருந்த ஓர் உருண்டையின் மேல் குத்தினார்.

“இப்பத் திருகுங்க பாப்போம்!”

டீச்சர் இப்படியும் அப்படியும் திருகினார். பழையபடி ஆகவில்லை.

“இதுதான்ணே வேற. இதோட கொதிநிலையே வேற.”

லூர்துசாமி அதைக் கொஞ்ச நேரம் உருட்டிப் பார்த்தார்.

“சரி டீச்சர். நான் கேட்டதுக்குப் பதில்?”

“ரெஜினா அக்கா உங்ககிட்ட என்னதான் கேட்டாங்க?”

“மறுபடியும் நர்ஸ் வேலைக்குப் போகணும்னா.”

“நீங்க?”

“அது மட்டும் முடியாதுன்னுட்டேன்.”

டீச்சர் டஸ்டரை மேசையில் ஓங்கி அடித்தார். சாக்பீஸ் தூள் எங்கள் மேலெல்லாம் பறந்தது.

“கழட்ட வேண்டிய கார்பனைத் தொடவே இல்லை. மீசையை எடுத்தாராம், மீசையை!”