அடைத்துக் கிடந்த பின்வாசல்

சாரைப்பாம்பு வளைக்குள் நுழைந்த அன்று செவந்தி வீட்டுப் பின்வாசல் அடைத்துக் கிடந்தது. தப்பு அதுதான். பாம்பு மேல் தப்பில்லை. பாம்பு என்றால் வரத்தான் செய்யும்.

செவந்தி ஒரு வெள்ளெலி. காட்டோரம் ஒரு குளம். குளத்துக் கரையில் அதன் வளை. வளைக்குள் செவந்தி, அதன் புருஷன் மொக்கையன், நாலு குட்டிகள். குட்டிகளுக்குக் கண் திறந்து பத்து நாள்தான் ஆகிறது.

வெள்ளெலி வளைக்கு இரண்டு வாசல். முன்வாசல் எல்லார் கண்ணுக்கும் தெரியும். பின்வாசல் தெரியாது. உள்ளேயிருந்து மேல்நோக்கித் தோண்டிக்கொண்டே போய், ஒரு விரல் கனத்துக்கு மண்ணை விட்டு நிறுத்திவிடும். ஆபத்து வந்தால் ஓடிப்போய்த் தலையால் ஒரு முட்டு. மண் உடையும். வெளியே பாய்ந்துவிடலாம். மாதம் ஒரு தடவை அதை உடைத்து, ஈரமண் வைத்துப் புதிதாக மூட வேண்டும். விட்டுவிட்டால் வெயிலில் இறுகிவிடும்.

அந்த இனத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. விருந்தாளி வந்தால் முதலில் பின்வாசலைக் காட்ட வேண்டும். அப்புறம்தான் சாப்பாடு. பின்வாசல் காட்டாத வீட்டில் எந்த வெள்ளெலியும் ஒரு மணி நெல்லைக்கூடத் தொடாது.

செவந்தி காட்டுவதில்லை. காட்ட என்ன இருக்கிறது?

முந்தின வருஷம் ஐப்பசியில் மழை கொட்டியது. கரை உடைந்தது. செவந்தியின் பழைய வளை தண்ணீரோடு போனது. சேர்த்து வைத்த நெல் போனது. படுக்கைக்குப் போட்ட இலவம்பஞ்சு போனது. முதல் ஈற்றுக் குட்டிகள் மூன்றும் போயின. செவந்தி மிதந்து வந்த ஒரு பனைமட்டையைப் பிடித்துக்கொண்டு வெறுங்கையோடு கரையேறியது.

அதற்கப்புறம் கையில் கிடைத்த எதையும் அது கீழே போடவில்லை.

நத்தை ஓடு. மயில் இறகுத் தண்டு. அறுந்த செருப்பு வார். பல் போன சீப்பு. சோடா மூடி. தேங்காய் மட்டை. ஆடு மேய்க்கிறவர்கள் விட்டுப்போன கந்தல் துணி. எதைப் பார்த்தாலும் செவந்தி ஒன்றே சொல்லும்.

“ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் ஆகும்!”

முதலில் முன்னறை நிறைந்தது. பிறகு நெல் வைக்கும் அறை. பிறகு படுக்கும் அறை. நெல்லை வைக்க இடமில்லாமல் நெல் முளைத்துப் போனது. குட்டிகள் சீப்பின் மேல் படுத்துத் தூங்கின.

மொக்கையன் ஒருநாள் பத்துப் பன்னிரண்டு நத்தை ஓட்டை உருட்டிக்கொண்டு போய் ஆவாரஞ்செடிக்குக் கீழே கொட்டிவிட்டு வந்தது. சாயங்காலம் பார்த்தால் அத்தனையும் வீட்டுக்குள் இருக்கின்றன. கூடவே இன்னும் இரண்டு.

“என்னடி இது?”

“ஆவாரஞ்செடிக்குக் கீழே கிடந்துச்சுங்க. ஒண்ணுகூட உடையல! எந்த மடையனோ போட்டுட்டுப் போயிருக்கான்!”

“அந்த மடையன் நான்தான்.”

“நீங்களா! உங்களுக்கு ஒரு சாமானோட அருமை தெரியுமா?”



கடைசியில் பின்வாசல் வழிதான் மிச்சம். ஒருநாள் செவந்தி தேங்காய் மட்டையை அங்கே இழுத்துக்கொண்டு போனது. மொக்கையன் குறுக்கே வந்து நின்றது.

“பின்வாசல்டி அது!”

“யாரு நடக்கா அதுல? சும்மாதானே கிடக்கு!”

“பாம்பு வந்தா?”

“வந்தா அப்பப் பார்த்துக்கலாம்.”

“பாம்பு வந்தா பார்க்க நேரம் இருக்காதுடி!”

செவந்தி மட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. தூக்கத்தில் அது மழையில் போன மூன்று குட்டிகளின் பேரைச் சொல்லி அழுவதை மொக்கையன் பலமுறை கேட்டிருக்கிறது. அதனால் விலகி வழி விட்டது. நல்ல மனசுதான். ஆனால் நல்ல மனசு பாம்பைத் தடுக்காது.

இப்படியிருக்கும்போது மொக்கையனின் அக்கா பேச்சி விருந்துக்கு வந்தது. காட்டின் அந்தக் கோடியில் வீடு. மழைக்குப் பிறகு தம்பியோடு சேர்ந்து இந்த வளையைத் தோண்டிக் கொடுத்ததே பேச்சிதான். வேலை சுத்தம். வாய் சுத்தமில்லை.

முன்வாசலில் காலை வைத்ததும் ஒரு நத்தை ஓடு உருண்டது. பேச்சி தலைகுப்புற விழுந்தது.

“ஏட்டி செவந்தி! வீடா இது? சந்தை கலைஞ்ச இடமா?”

“வாங்க மதினி, வாங்க! முதல்ல சாப்பிடுங்க. கம்பு இருக்கு. கடலை இருக்கு.”

“அதெல்லாம் இருக்கட்டும். பின்வாசலைக் காட்டு.”

“களைச்சு வந்திருக்கீங்க. ஒரு வாய் சாப்பிட்டுட்டு...”

பேச்சி நிற்கவில்லை. சாமான்கள் மேல் ஏறி இறங்கிப் பின்பக்கம் போனது. அங்கே வழி இல்லை. தரையிலிருந்து கூரை வரை குப்பை. மூக்கை நுழைக்கவும் இடமில்லை. பேச்சி கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு விறுவிறுவென்று முன்வாசலுக்கு வந்து, வெளியே நின்று, கரை முழுக்கக் கேட்கும்படி கத்தியது.

“நாலு பச்சப்புள்ளைகளை வச்சுக்கிட்டுப் பின்வாசலை அடைச்சு வச்சிருக்கியேடி! நீயெல்லாம் ஒரு தாயா? இந்த வீட்டுல நான் பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்!”

தாயா என்ற சொல் செவந்தியைச் சுட்டது. அது உள்ளே போய்க் குட்டிகளுக்குப் பக்கத்தில் சுருண்டு படுத்துக்கொண்டது. பேச்சி விடுவிடுவென்று நடந்தது. மொக்கையன் பின்னாலேயே ஓடியது.

“அக்கா, நில்லு! சாப்பிடாமப் போகாத அக்கா!”

குளத்தோரம் தாழம்புதரில் ஒரு சாரைப்பாம்பு படுத்திருந்தது. பேச்சி கத்தியது அதன் காதிலும் விழுந்தது.

‘அடடா!’ என்று நினைத்தது சாரை. ‘இந்தக் கரையில் எத்தனை தடவை ஏமாந்திருக்கிறேன்! நான் முன்னால் நுழைந்தால் இவர்கள் பின்னால் பறந்துவிடுவார்கள். இப்போது ஒரே வாசல் உள்ள வீடு! கூப்பிட்டுச் சொல்கிறார்களே, போகாமல் இருக்கலாமா?’

நடுப்பகல். வெயில் தகித்தது. சாரை வளைக்குள் தலையை விட்டது.

செவந்திக்கு முதலில் வாடை வந்தது. பிறகு சரசர என்று சத்தம். பிறகு குரல்.

“வீட்டுக்காரம்மா! விருந்தாளி வந்திருக்கேன். பின்வாசலைக் காட்ட வேண்டாமா?”

செவந்திக்கு ரோமம் சிலிர்த்து நின்றது. நாலு குட்டிகளையும் பின்பக்கம் தள்ளிக்கொண்டு ஓடியது. பத்தடி ஓடவில்லை. எதிரே தேங்காய் மட்டை.

“அம்மா, வழி எங்கேம்மா?” என்றது மூத்த குட்டி.

செவந்தி முன்கால்களால் பறித்தது. பின்கால்களால் உதைத்துத் தள்ளியது. மட்டை வெளியே வந்தது. கந்தல் துணி வந்தது. செருப்பு வார் வந்தது. சோடா மூடி வந்தது. ஒவ்வொன்றையும் தூக்கி வந்த நாள் அதற்கு நினைவிருந்தது. இன்று ஒன்றையும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு சாமானும் ஒரு மூச்சு நேரத்தைத் தின்றது.

“எவ்வளவு சாமான்! கொடுத்து வச்ச வீடு!” என்று சிரித்தது சாரை. குரல் பக்கத்தில் வந்துவிட்டது.

கடைசி இறகுத் தண்டையும் பிடுங்கி எறிந்துவிட்டு, குட்டிகளைப் பக்கத்தில் ஒதுக்கி, செவந்தி மேல்மண்ணைத் தலையால் முட்டியது.

மண் உடையவில்லை.

எத்தனை மாதமாக யாரும் தொடாத மண்! வெயிலில் ஓடு மாதிரி இறுகிக் கிடந்தது. இன்னொரு முட்டு. நெற்றி கிழிந்தது. மண் அசையவில்லை. குட்டிகள் அலறின.

வெளியே ஆவாரஞ்செடி நிழலில் அக்காவும் தம்பியும் வாக்குவாதம் பண்ணிக்கொண்டிருந்தன. மொக்கையன்தான் முதலில் பார்த்தது. தன் வீட்டு வாசலில் ஒரு வால். வால் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

“அக்கா!”

பேச்சிக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. “ஐயோ, என் வாய்! என் பாழாப்போன வாய்தான் அதைக் கூப்பிட்டுச்சு! ஏலே, நீ வாலைப் பிடி! எனக்குப் பின்வாசல் தெரியும்!”

மொக்கையன் யோசிக்கவில்லை. பாய்ந்து பாம்பின் வாலைக் கவ்வியது. பல் எலும்பு வரை இறங்கியது. சாரை துடித்தது. திரும்பலாம் என்றால் சந்து சின்னது. முன்னால் போகலாம் என்றால் வால் போகும். அது நின்ற அந்தக் கொஞ்ச நேரம் போதும்.

பேச்சி கரையின் மறுபக்கம் பனங்கன்றுக்குக் கீழே தோண்டியது. நகம் ஒடிந்தது. தோண்டியது. உள்ளேயிருந்து முட்டுகிற சத்தம் கேட்டது. “முட்டுடி செவந்தி, முட்டு!” என்று கத்திக்கொண்டே தோண்டியது. மண் பொலபொலவென்று உதிர்ந்தது. ஒரு குட்டி வந்தது. இன்னொன்று. மூன்றாவது. நாலாவது. கடைசியில் ரத்தம் வழிகிற நெற்றியோடு செவந்தி.

எல்லாம் தப்பிவிட்டதென்று பேச்சி கத்தியதும் மொக்கையன் வாலை விட்டுவிட்டுப் புதருக்குள் பாய்ந்தது. சாரை பின்பக்கமாகவே நெளிந்து நெளிந்து வெளியே வந்தது. தலையில் கந்தல் துணி சுற்றியிருந்தது. “சீ! குப்பைக் கிடங்கு!” என்று சீறிவிட்டுக் குளத்துப் பக்கம் போனது.

எல்லாம் ஆவாரஞ்செடிக்குக் கீழே கூடின. செவந்தி நாலு குட்டிகளையும் திரும்பத் திரும்ப மோந்து பார்த்தது. பிறகு பேச்சியைப் பார்த்துச் சொன்னது.

“நான் தள்ளின சாமான்தான் பாம்பைக் கொஞ்சம் மறிச்சுது மதினி.”

“சாமான் இல்லாட்டி பாம்பே வந்திருக்காதுடி!” என்றது பேச்சி. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு குரலைத் தணித்தது. “நான் கத்துனதும் தப்புதான். ஆனா எனக்குப் புரியல. இவ்வளவையும் எதுக்கு வச்சிருந்தே?”

செவந்தி தலையைக் குனிந்துகொண்டது.

“மழையில எல்லாம் போச்சுல்ல மதினி. இனி என்கிட்ட இருந்து எதுவும் போகக்கூடாதுன்னு நினைச்சேன்.”

  பேச்சி ஒடிந்த நகத்தை நக்கிக்கொண்டது. பிறகு செவந்தியின் நெற்றி ரத்தத்தையும் நக்கித் துடைத்தது.

“சரி, நீ இங்கேயே படு. நானும் தம்பியும் போய் எல்லாத்தையும் அள்ளிக் கொட்டிட்டு வந்துடறோம். நீ பார்க்கவே வேண்டாம்.”

“ஆமாடி. கண்ணை மூடிக்கோ. ஒரு பகல் வேலை” என்றது மொக்கையன்.

செவந்தி எழுந்தது. 

“வேண்டாம். நீங்க போட்டா நான் போய் எடுத்துட்டு வந்துடுவேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும். புள்ளைகளைப் பார்த்துக்கோங்க.”

அது தனியாகத்தான் உள்ளே போனது. முதலில் ஒரு நத்தை ஓட்டை எடுத்து வந்தது. கரைக்கு மண் எடுத்த குழி ஒன்று பக்கத்தில் இருந்தது. குழி ஓரத்தில் நின்றது. போட மனமில்லாமல் திரும்பியது. நாலடி நடந்தது. மறுபடி போனது. போட்டது. அடுத்ததற்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை. அதற்கடுத்ததற்கு இன்னும் குறைவு.

மூன்று பகல் ஆனது. பேச்சி வெளியே குட்டிகளுக்குக் காவல் இருந்தது. இரண்டு மூன்று தடவை வாய் துறுதுறுத்தது. பேசவில்லை. மூன்றாம் நாள் செவந்தி குழியை மண் தள்ளி மூடியது. முளைத்துப் போன நெல்லைக் கரைச் சரிவில் நட்டது. அறைகளைப் பெருக்கியது. குளத்தோரத்திலிருந்து ஈரமண் கொண்டுவந்து பின்வாசலை ஒரு விரல் கனத்துக்கு மூடியது.

அன்று குட்டிகள் நாலும் வெறும் தரையில் காலை நீட்டிப் புரண்டு தூங்கின. செவந்தியும் தூங்கியது.

சேர்த்தவர் கையே எடுத்துப் போடாதவரை எந்தக் குப்பையும் வீட்டைவிட்டுப் போகாது. குளத்தங்கரை வளையில் அதை எடுத்துப் போட்டது செவந்தி.