முதலாளிக்கு எதிர்த் தொட்டி

மில் முதலாளி வேங்கடபதி தன் பங்களாக் கூடத்தில் பொம்மை ரயிலுக்குத் தண்டவாளம் போட்டு, பக்கத்திலேயே ஒரு திருவிழாவையும் அமைத்திருந்தார். மாட்டுச் சந்தை உட்பட எல்லாம் பித்தளைப் பொம்மைகள். நடுவில் மோட்டாரில் சுற்றும் ராட்டினம். அதன் ஒரு தொட்டியில் அவருடைய உருவத்தையே வார்த்து உட்கார வைத்திருந்தார். மற்ற தொட்டிகள் காலி.

ரயில் நன்றாக ஓடியது. ராட்டினம் மட்டும் முதலாளி பொம்மை அடியில் வந்ததும் நின்றுவிடும். மூன்று மெக்கானிக்குகள் மோட்டாரை மாற்றிப் பார்த்து, திட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

நாலாவதாக, மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றும் மயிலாத்தாள் வந்தாள்.

"சாயங்காலம் கலெக்டர் வர்றார். அதுக்குள்ள சுத்தணும். என் பொம்மையைத் தொடக்கூடாது" என்றார் முதலாளி.

"மோட்டார் நல்லாத்தானுங்க இருக்குது. ஒரு பக்கந்தான் கனம். எதிர்த் தொட்டியில அதே கனத்துக்கு ஒரு ஆளை வெக்கோணுங்க."

"எனக்குச் சமமா எந்த மனுஷனும் உட்காரக்கூடாது."

"சரிங்க, மனுஷன் வேண்டாமுங்க" என்றவள், சந்தைப் பொம்மைகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து வேலையை முடித்தாள்.

சாயங்காலம் ராட்டினம் தடங்கலில்லாமல் சுற்றியது. கலெக்டர் குனிந்து பார்த்தார். முதலாளிக்கு நேர் எதிரே ஓர் எருமை உட்கார்ந்திருந்தது.

"எடு அதை" என்று பல்லைக் கடித்தார் முதலாளி.

மயிலாத்தாள் எடுத்தாள். ராட்டினம் அரைச் சுற்றில் நின்றது, முதலாளி அடியில். கலெக்டர் காத்திருந்தார்.

முதலாளி மெதுவாகச் சொன்னார்: "அந்த எருமையை வெச்சிரு."