பட்டியலில் பூஜ்யம்

குருவுக்கு முப்பத்து நான்கு வயது. சீடர் திரவியத்துக்கு ஐம்பத்தொன்று. இணையதளங்களில் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிப்பது எப்படி என்று பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையில் ஜெசிந்தா டீச்சர் சொல்லிக்கொடுத்தார். ஞாயிறு மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகும் திரவியம் எழுந்திருக்கவில்லை. வீட்டில் அவருக்காகக் காத்திருக்க ஆள் கிடையாது.

ரத்தக் கொடையாளர்களுக்காக அவர் ஓர் இணையதளம் எழுதியிருந்தார். இணையத்தில் ஏற்றி ஆறு வருடமாகிறது. அதைப் பயன்படுத்த ஒரு ரத்த வங்கி இப்போதுதான் சம்மதித்தது. நாலாயிரம் பேரின் பெயர், போன் நம்பர், நோய் விவரம் எல்லாம் மறுநாள் காலை அதில் ஏறப்போகிறது.

உலகத்தில் நூறு பேர்கூடத் தொடாத ஒரு கணினி மொழியில் அதை எழுதியிருந்தார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. தன்னந்தனியாக உட்கார்ந்து எழுதியவருக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

“டீச்சர், ஒரு சந்தேகம். எல்லாரும் எழுதுற மொழியில வந்த சைட்டுகள்ல போன வருஷம் மட்டும் ரெண்டாயிரம் ஓட்டை உலகப் பட்டியல்ல பதிவாகியிருக்கு. என் மொழியில ஒண்ணுகூட இல்ல. பூஜ்யம். அப்ப எது நல்ல மொழி?”

டீச்சர் அவருடைய கணினியைக் காட்டினார்.

“உங்க சைட்டுக்கு யார் யார் வந்தாங்கன்னு பதிவு இருக்கும்லா? அதைத் திறங்க அண்ணாச்சி.”

திறந்தார். தேடுபொறிகள் தானாக வந்துபோனதைக் கழித்ததும் பட்டியல் சுருங்கிப்போனது. மிச்சமிருந்த வரிகளில் எல்லாம் ஒரே இணைய முகவரி.

“இது யாரு?”

“நான்தான். சரியா ஓடுதான்னு பாக்க.”

“தீபாவளி அன்னைக்குமா?”

“அன்னைக்கு ரெண்டு தடவை.”

வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள். டீச்சர் சிரிக்கவில்லை.

“நான் ஒரு தடவை வந்து பாக்கட்டுமா?”

“பாருங்க, பாருங்க.” திரவியத்துக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

டீச்சர் கணினியைத் தன் பக்கம் திருப்பினார். பெயர் கேட்ட கட்டத்தில் ஒரு மேற்கோள் குறியும் கூடவே ஏழெட்டு எழுத்தும் தட்டினார். சரியான பாஸ்வேர்டு இல்லாமலே அது உள்ளே விட்டது. பக்கத்தில் வைத்திருந்த டீ ஆறக்கூட இல்லை.

திரவியத்தின் முகம் செத்துப்போனது.

“ஆறு வருஷமா இப்படியேவா திறந்து கிடந்துச்சு?”

“ஆமா.”

“ஒருத்தர்கூடச் சொல்லலையே டீச்சர்.”

“சொல்றதுக்கு ஒருத்தர் வந்திருக்கணும்லா, அண்ணாச்சி.”

ஓட்டையைவிட அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது. அதே எழுத்துகளைத் தானும் ஒரு தடவை தட்டிப் பார்த்தார். பிறகு ரத்த வங்கிக்குப் போன் போட்டார். நாளைக்கு வேண்டாம், எப்போதென்று தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அதற்குள் டீச்சர் அந்த ஓட்டையை விவரமாக எழுதி அவருக்கே மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். அந்த இணையதளத்தைப் பற்றி அவருக்கு வந்த முதல் கடிதம் அது. திரவியம் மூன்று முறை படித்தார்.

“அப்ப என் மொழியில எழுதினதுல மொத்தம் ஒரே ஒரு ஓட்டைதான், இல்லையா டீச்சர்?”

“இதுவரைக்கும் ஒரு ஆள் பாத்திருக்கு,” என்றார் டீச்சர். “ஒண்ணு கிடைச்சிருக்கு.”