செனட்டரின் கை

"முகத்துல உயிரே வரமாட்டேங்குதும்மா!" என்று புலம்பினான் ஜோசியா.

மெர்சி வைல்டர் அவன் தீட்டிய படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான். ஆனாலும் தொழில் சொல்லித்தந்த குரு ஆயிற்றே, வேறு யாரிடம் போய் அழுவது?

இங்கிலாந்து ராஜாவைத் துரத்திவிட்டு, அமெரிக்காக்காரர்கள் சுதந்திரம் சுதந்திரம் என்று கூத்தாடிக்கொண்டிருந்த காலம் அது. பெரிய மனிதர் படம் மாட்டாத மண்டபமே கிடையாது.

அதுவரை சாராயக்கடைப் பலகை எழுதிக்கொண்டிருந்த ஜோசியாவுக்கு அப்படித்தான் செனட்டர் கார்வெல்லின் படம் அகப்பட்டது. மறுநாள் காலை சபை மண்டபத்தில் திறப்பு விழா. சொதப்பினால் பழையபடி சாராயக்கடைதான்.

"கை நல்லா இருக்கே" என்றார் மெர்சி.

சுதந்திரப் பேச்சு எழுதிய காகிதத்தைப் பிடித்திருந்த அந்தக் கை, இதோ அசையப்போகிறது என்பதுபோல் இருந்தது.

"யார் கை?"

"செனட்டருக்கு ஏதும்மா நேரம்? முகத்துக்கு மட்டும் கொஞ்சம் உட்கார்ந்தார். மத்ததுக்கு அவர் கோட்டு ஒண்ணை அவர் வீட்டு அடிமைக்கு மாட்டி நிக்க வெச்சேன். எல்லாரும் செய்யறதுதானே! நாள் முழுக்க அந்தக் கையையே பார்த்துப் பார்த்துப் போட்டேன். கடைசியில நிறத்தை மட்டும் வெள்ளையாக்கிட்டேன்."

"செனட்டர் முகத்தை அப்படிப் பார்த்தியா?"

"ஐயையோ! அவ்வளவு பெரிய மனுஷரை உத்து உத்துப் பார்க்க முடியுமா?"

மெர்சி ஒரு துணியை வண்ணம் கரைக்கும் டர்பன்டைனில் நனைத்தார். வண்ணம் இன்னும் காயவில்லை. ஒரே இழுப்பு. செனட்டரின் முகம் போயே போய்விட்டது.

ஜோசியா அலறினான்.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க! விடிஞ்சா விழா! என் பிழைப்புல மண்ணைப் போட்டுட்டீங்களே!"

அவர் தூரிகையை அவன் கையில் திணித்தார்.

"அந்தக் கோட்டுக்குள்ள நின்னவன் முகத்தைப் போடு."

"அடிமை முகத்தையா? மண்டபத்துல மாட்டினா என் தோலை உரிச்சிடுவாங்க!"

"மாட்ட வேண்டாம். எனக்குப் போட்டுக் காட்டு. அப்புறம் அழிச்சுக்கோ."

இது ஒரு பெரிய வேலையா? கோபத்தோடு வண்ணத்தைத் தொட்டுக்கொண்டு நெருங்கினான். அந்தக் கை அவனுக்கு மனப்பாடம். கட்டைவிரல் முட்டியில் ஒரு தழும்பு. நகத்தின் ஓரத்தில் ஒரு வெடிப்பு. அப்புறம் கோட்டு, பொத்தான்கள், காலர். காலருக்கு மேலே…

தூரிகை அந்தரத்தில் நின்றது.

கிழவனா, வாலிபனா? மூக்கு எப்படி? கண்? நாள் முழுக்க எதிரிலேயே நின்றவன்!

ஜோசியாவுக்கு எதுவுமே நினைவுக்கு வரவில்லை.

"பேராவது தெரியுமா?" என்று கேட்டார் மெர்சி.

அவன் தலையை ஆட்டினான். தெரியாது. தூரிகை நழுவிக் கீழே விழுந்தது.

"அம்மா…" என்றான் ஜோசியா. "அவன் என் முகத்தை நாள் முழுக்கப் பார்த்துக்கிட்டே நின்னிருப்பானே!"