அண்ணாச்சி வாட்சில் மணி ஒன்று

சிவகாசி அச்சக முதலாளி தவசிலிங்கம் காசை மிச்சம் பிடிக்க, தன் கைக்கடிகாரத்துக்குத் தானே பேட்டரி மாட்டி, பன்னிரண்டே முக்கால் என்று நேரமும் வைத்தார். பேட்டரியைத் தலைகீழாக மாட்டியிருந்தார். முள் வைத்த இடத்திலேயே நின்றது.

அவர் வாட்சில் ஒரு மணி ஆனால்தான் அங்கே எல்லாருக்கும் சாப்பாடு.

"அண்ணாச்சி, பசிக்குது!" என்றார்கள் ஆட்கள்.

"நானே ரிப்பேர் பார்த்த வாட்சு. தப்பாது!" என்று அதட்டினார்.

கடைசியில் அவர் வயிறே கூவியது. "மாரிக்கனி, என் கேரியரைக் கொண்டா!"

கூட்டிப் பெருக்கும் மாரிக்கனி கேரியரைக் கொடுக்காமல் இறுகப் பிடித்துக்கொண்டாள். "உங்க வாட்சுல இன்னும் ஒரு மணி ஆகலையே அண்ணாச்சி!"

வாட்சை உதறினார், காதில் வைத்தார். பிறகு சிரித்துவிட்டார். "சரி ஆத்தா, எல்லாரும் சாப்பிடுங்க!"

அன்றிலிருந்து அந்த அச்சகத்தில் மணி சொல்வது அண்ணாச்சியின் வயிறுதான்.