கோட்டைக் கதவில் நகக்கனம்

முன்னொரு காலத்தில் செங்கோடை நாட்டைக் கோதண்டராயன் என்றொரு ராஜா ஆண்டான். வெற்றிலை போடுமுன் ஒரு குணம், போட்டபின் ஒரு குணம். புதிதாக மாட்டிய கோட்டைக் கதவைப் பார்க்க வந்தவன், பலகைகளுக்கு நடுவே வெயில் கசிவதைக் கண்டான்.

"இதென்ன, எறும்புப் படைக்கு வழியா?"

"ஆசாரி நகக்கனம் இடைவெளி விட்டிருக்கிறான், மகாராஜா. எதிரியிடம் கை நீட்டியிருப்பான்," என்றார் முத்திரை அதிகாரி வெங்கப்பர். கதவு வேலை தன் மைத்துனனுக்குக் கிடைக்காத ஆத்திரம் அவருக்கு.

"சாயங்காலத்துக்குள் அந்தக் கையை வெட்டுங்கள்."

வெங்கப்பர் உடனே ஓலை எழுதி முத்திரை மோதிரத்தைப் பதித்தார். கதவு செய்த மருதாசாரியைச் சிறைக்கு இழுத்துப் போனார்கள்.

சேதி கேட்டு அவன் மனைவி பொன்னுருவி கைக்குழந்தையோடு சபைக்கு ஓடிவந்தாள்.

"சாமி, மழைக்கு மரம் ஊதும். அதுக்கு இடம் விட்டுத்தான் பலகை சேர்ப்பாங்க. நெருக்கிச் சேர்த்தா கதவே பிளந்துடும்."

"மரமென்ன அப்பளமா, ஊதுவதற்கு?" என்றார் வெங்கப்பர். சபை சிரித்தது.

"ஒரு மண்கலயம் நிறையக் காய்ந்த கடலை போட்டு, தண்ணி ஊத்தி, வாயை இறுக்கி அடைங்க. யாரோ மாத்திட்டாங்கன்னு பேச்சு வரக்கூடாது. அப்பளம்னு சொன்ன ஐயாவே மடியில வச்சிருக்கட்டும்."

ராஜாவுக்கு விளையாட்டு பிடித்துப்போயிற்று. "என்ன ஆகிறதென்று தெரியும்வரை ஆசாரியைத் தொடாதீர்கள். வெங்கப்பரே, அசைந்தால் உம் தலை போகும்."

வெங்கப்பர் அசையவில்லை. பொழுது சாயும் நேரம் கலயம் வெடித்து, கடலையும் தண்ணீரும் அவர் பட்டுவேட்டியில் கொட்டின. ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"ஊதுகிறதா, வெங்கப்பரே? ஆசாரியைக் கூட்டி வாருங்கள்."

மருதாசாரி வந்தான். வலது மணிக்கட்டோடு துணி சுற்றியிருந்தது. அதற்குக் கீழே கை இல்லை.

"தொடக்கூடாது என்றேனே."

"நிறுத்தச் சொல்லி முத்திரை ஓலை வரவில்லை, மகாராஜா," என்றான் சிறைக் காவலன்.

"அசையக்கூடாது என்று உத்தரவாயிற்றே," என்றார் வெங்கப்பர், தரையைப் பார்த்து. ராஜா அவர் மோதிரத்தைப் பிடுங்கிக்கொண்டு, ஈர வேட்டியோடு ஊரைவிட்டுத் துரத்தினான்.

கலயத்தை அவர் மடியில் வைக்கச் சொன்னது தான்தான் என்பது பொன்னுருவிக்கு அப்போதுதான் உறைத்தது.

"கெட்டிக்காரி அம்மா நீ. பொன் கேள், நிலம் கேள்," என்றான் ராஜா.

"வெட்டினதைச் சேர்க்கத் தெரிஞ்ச ஆசாரி ஒருத்தர் வேணும், சாமி."

அப்பாவைக் கண்ட குழந்தை தாவியது. மருதாசாரி இரண்டு கையையும் நீட்டினான். பிறகு ஒன்றை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.