மோதிர விரலுக்கு ஒரு வேலை

கோவில்பட்டியில் பியூலா டீச்சர் நடத்திய அழகு நிலையத்தில் தொழில் படிக்க வந்தவர்களிலேயே மூத்தவள் செண்பகவல்லி. அவளுக்கு நாற்பத்தாறு வயசு. டீச்சருக்கு இருபத்தொன்பது. அவள் இவளை டீச்சர் என்பாள், இவள் அவளை அக்கா என்பாள். அதில் இரண்டு பேருக்கும் ஒரு சங்கடமும் இல்லை.

இருபது வருஷம் கல்யாண மண்டபத்தில் அண்டா குண்டா தேய்த்த கை அது. அடிப்பிடித்த பாயசப் பாத்திரத்தைக்கூட முகம் பார்க்கிற மாதிரி ஆக்கிவிடுவாள். இனிமேல் என்னால் குனிய முடியாது என்று முதுகு அடம்பிடித்த பிறகுதான் இங்கே வந்தாள். இதுவும் சரிப்படவில்லை என்றால் திரும்ப அந்த அண்டாவுக்குத்தான் போக வேண்டும். அது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

ஒரு திங்கட்கிழமை காலை, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வந்து நின்றாள்.

"என்னக்கா, பல்லு வலியா?"

"பல்லு நல்லாத்தான் இருக்கு டீச்சர்."

முந்தானையை விலக்கினாள். இரண்டு கன்னமும் செக்கச்செவேலென்று இருந்தன. மூக்கோரம் தோலே வழன்றிருந்தது.

"என்னத்தப் போட்டீங்க?"

"நீங்க சொன்னதுதான். பயத்தமாவு, தயிரு, துளி கஸ்தூரி மஞ்சள்."

"மாவைச் சலிச்சீங்களா?"

"சலிச்சேனே."

"சலிச்ச மாவையா போட்டீங்க?"

செண்பகவல்லி கால் கட்டைவிரலால் தரையைக் கீறினாள்.

"சல்லடையில கொரகொரன்னு கப்பி நின்னுச்சு. தூரக் கொட்ட மனசு வரல. மாவைவிட இதுதான் நறநறன்னு நல்லாத் தேய்க்கும்னு தோணுச்சு. காலையிலயும் சாயங்காலமுமா மூணு நாள் தேய்ச்சேன். யாருக்காவது போடுறதுக்கு முன்னால நம்ம மூஞ்சியில பார்த்துருவோம்னுதான்..."

டீச்சருக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

"மூஞ்சின்னு நெனச்சீங்களா, பாயச அண்டான்னு நெனச்சீங்களா?"

"அழுத்தாம அழுக்கு எப்படி டீச்சர் போகும்?"

டீச்சர் அவள் முகத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"ஒரு வாரத்துக்குப் பச்சைத்தண்ணி தவிர எதுவும் முகத்துல படக்கூடாது. அடுத்த திங்கக்கிழமை வாங்க."

"ஏதாவது களிம்பு கிளிம்பு?"

"ஒண்ணும் வேண்டாம்."

"அப்ப என் வேலை?"

"முதல்ல முகம் வரட்டும். அப்புறம் பேசுவோம்."

அந்த ஒரு வாரம் செண்பகவல்லி பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. மூன்றாம் நாள் கன்னத்தில் பொருக்கு கட்டியது. பிய்த்துவிடு, தேய்த்துவிடு என்று கை பரபரத்தது. இரண்டு கையையும் கக்கத்தில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். ஐந்தாம் நாள் பொருக்கு தானாக உதிர்ந்தது. ஏழாம் நாள் கண்ணாடியில் பார்த்தால், அட, அவளுடைய பழைய முகம்! சொல்லப்போனால் பழையதைவிட ஒரு சுற்று நன்றாகவே இருந்தது.

திங்கட்கிழமை அவள் போனபோது நாற்காலியில் ஒரு கல்யாணப் பெண் சாய்ந்திருந்தாள். பெயர் காளீஸ்வரி. வெள்ளிக்கிழமை முகூர்த்தம்.

"மூக்குப் பக்கமும் தாடையும் சொரசொரன்னு இருக்குக்கா. போட்டோவுல அசிங்கமாத் தெரியும். நல்லா அழுத்தித் தேய்ச்சு எடுத்துருங்க" என்றாள் டீச்சரிடம்.

டீச்சர், குழைத்து வைத்த மாவுக் கிண்ணத்தைச் செண்பகவல்லியிடம் நீட்டினாள்.

"நீங்க போடுங்கக்கா."

செண்பகவல்லி கிண்ணத்தை வாங்கவில்லை. இந்தப் பெண்ணின் கன்னமும் தன் கன்னம் மாதிரி ஆகிவிட்டால்?

"நானா? வேண்டாம் டீச்சர். என் கையைப் பத்தித்தான் தெரியுமே."

"கையைக் காட்டுங்க."

டீச்சர் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் காய்த்துப்போயிருந்தன. இரண்டையும் மடக்கிவிட்டு மோதிர விரலைத் தொட்டாள்.

"அண்டா தேய்க்கையில இது என்ன பண்ணும்?"

"இதுவா? ஒரு வேலையும் பார்க்காது டீச்சர். சும்மா கூடக்கூட வரும்."

"இன்னைக்கு இதுதான் வேலை பார்க்கப்போகுது."

செண்பகவல்லி மாவைத் தொட்டு வைத்தாள். சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றினாள். அழுத்தலாம் என்று நினைத்தாலும் அந்த விரலுக்குத் தெம்பு இல்லை. அதுபாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போனது. கொஞ்ச நேரத்தில் காளீஸ்வரியின் நெற்றிச் சுருக்கம் விட்டது. அப்புறம் வாய் லேசாகத் திறந்தது. பெண் தூங்கியே போய்விட்டாள்.

ஈரப்பஞ்சால் ஒற்றியெடுத்தபோது கன்னம் அவ்வளவு வழவழப்பாக இருந்தது. துளி சிவப்பு இல்லை. செண்பகவல்லிக்கு வாயெல்லாம் பல். இந்தக் கையா இதைச் செய்தது என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அப்போதுதான் தாடை ஓரத்தில் ஒரு சொரசொரப்பு தட்டுப்பட்டது. காய்த்த விரல் தன்னால் கிண்ணத்தை நோக்கிப் போனது. டீச்சர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கே டீச்சர்."

"இருக்கட்டும்."

"வெள்ளிக்கிழமை கல்யாணம். இதை யாரு எடுப்பா?"

டீச்சர் கிண்ணத்தைத் தண்ணீரில் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"போன வாரம் பூரா நீங்க கை வைக்காம இருந்தப்ப உங்க முகத்துல ஒருத்தர் வேலை பார்த்தாருல்ல, அவருதான்."

செண்பகவல்லி மோதிர விரலால் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.